தொடாத நினைவகம்

கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விடும் கணினி தனியாக ஓரிடத்தில் நிற்கும் பெட்டி அல்ல. ஒரு பெரிய சர்வரின் புராசஸர் கோர்களில் சிலவற்றையும் அதன் நினைவகத்தில் ஒரு பங்கையும் ஒதுக்கி, அவை தனிக் கணினியாகத் தோன்றும்படி செய்கிறார்கள். இதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். ஒரே சர்வரில் இப்படிப் பல இயந்திரங்கள் குடியிருக்கும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் அடித்தள மென்பொருளே ஹைப்பர்வைசர். ஆக, சர்வர்காரரிடம் விற்பதற்கு இருக்கும் முக்கியச் சரக்கு இரண்டு: கோர், நினைவகம். இரண்டும் ஒன்றாகத் தீர்வதில்லை. சால்னா தீர்ந்துபோன கடையில் பரோட்டா அடுக்கடுக்காக மிச்சம் இருந்தாலும் அன்றைய வியாபாரம் அதோடு சரி. அதேபோல் கோர்கள் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டால், அந்தச் சர்வரில் மிஞ்சிய நினைவகத்தை யாருக்கும் விற்க முடியாது. பக்கத்துச் சர்வரில் நினைவகம் போதாமல் கோர்கள் சும்மா கிடக்கலாம். ஆனாலும் இங்கே மிஞ்சியதை அங்கே கொண்டுபோக வழியில்லை; அது இந்தப் பலகையில் செருகப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில் 100 சர்வர் தொகுதிகளின் 75 நாள் பதிவுகளை அலசி 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் தேக்கத்தை அளந்தது. கோர்களில் 75 சதவீதம் வாடகைக்குப் போயிருந்த நிலையில் நினைவகத்தில் 6 சதவீதம் இப்படித் தேங்கி நின்றது. கோர்கள் 85 சதவீதம் நிரம்பும்போது தேக்கம் 10 சதவீதத்தைத் தாண்டியது. மோசமான நிலையில் அது 25 சதவீதம்வரை போனது. அஸூரில் சர்வரின் விலையில் பாதிவரை நினைவகத்துக்கே போகக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது சில்லறைக் கணக்கு அல்ல என்று தெரியும்.

சரி, கோர்களை மட்டும் எப்படிச் சிக்கலில்லாமல் பங்கிட்டுக்கொள்கிறார்கள்? ஒரு கோரில் ஓடும் வேலையை நிறுத்தி, அதன் சிறு அளவிலான நிலவரத்தை எழுதி வைத்துவிட்டு, அடுத்த வேலையை ஏற்றுவதற்குச் சில மைக்ரோ நொடிகள் போதும். கோர் கடந்த நொடியில் என்ன செய்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. நினைவகத்தின் வேலையே மனத்தில் வைத்துக்கொள்வதுதான். அதைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால், உள்ளே இருப்பதை முதலில் வேறெங்காவது நகர்த்தியாக வேண்டும். உரியவர் மறுபடி கேட்கும்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும். தவறான நேரத்தில் பிடுங்கினால் இயந்திரம் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, ‘பக்கம்’ எனப்படும் நினைவகத் துண்டுகளைக் கொண்டுவருவதும் அனுப்புவதுமாகவே நேரத்தைக் கழிக்கும். 1960-களின் கணினிகளில் இந்த முடக்கம் உண்மையாகவே நிகழ்ந்தது. பீட்டர் டென்னிங் 1968-இல் அதற்கு ஒரு வழி காட்டினார்: எந்த நிரலும் ஒரு குறுகிய கால அளவில் தன் நினைவகம் முழுவதையும் தொடுவதில்லை, ஒரு பகுதியைத்தான் சுற்றிச் சுற்றித் தொடுகிறது, அந்தப் பகுதி உள்ளே இருந்தால் போதும். எந்தப் பகுதி அது என்று தெரிந்தால் மீதியை எடுத்துவிடலாம். இந்த ‘தெரிந்தால்’ என்ற நிபந்தனையில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் நிற்கிறது. சர்வர்களுக்கிடையே நினைவகத்தைப் பகிர்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் கம்பிகளையும் இணைப்பு வேகத்தையும் சுற்றியே வருகிறது. வேகம் தேவைதான். ஆனால் கடந்த இருபது ஆண்டு முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தது வேறு ஒன்று: எந்தப் பக்கம் இனித் தேவைப்படாது என்பது யாருக்குத் தெரியும், அது தெரியவேண்டியவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது?

ஹைப்பர்வைசருக்கு அது தெரியாது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் லினக்ஸோ விண்டோஸோ, எந்தப் பக்கம் காலி, எது பழைய கோப்பின் நகல், எது உயிர்ப்புள்ள தரவு என்று கணக்கு வைத்திருக்கிறது. கீழே இருக்கும் ஹைப்பர்வைசருக்கோ எல்லாமே 4096 பைட் கொண்ட ஒரேமாதிரிப் பக்கங்கள். அது தன் ஊகத்தின்பேரில் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பும்; அதே பக்கத்தை உள்ளே இருக்கும் இயக்குதளமும் தேவையில்லை என்று முடிவுசெய்து தன் வட்டுக்கு அனுப்பப் பார்க்கும்; அனுப்புவதற்காகவே அதை முதலில் வட்டிலிருந்து மேலே கொண்டுவர நேரும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் சர்வர் என்ற ஹைப்பர்வைசருக்காக கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விவரித்த ‘பலூன்’ உத்தி இந்த அறியாமையை ஒத்துக்கொண்டு தொடங்குகிறது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒரு சிறு டிரைவரை நிறுவிவிடுகிறார்கள். சர்வரில் நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது ஹைப்பர்வைசர் அந்த டிரைவரிடம் ஊதிக்கொள்ளச் சொல்கிறது. டிரைவர் ஏதோ தனக்கு வேலை இருப்பதுபோல் இயக்குதளத்திடம் நினைவகம் கேட்கிறது. இயக்குதளம் தன் கணக்கைப் பார்த்து, தனக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் பக்கங்களை எடுத்துக் கொடுக்கிறது. அவற்றை ஹைப்பர்வைசர் கீழ்வழியாக வாங்கி இன்னொரு இயந்திரத்துக்குத் தருகிறது. விவரம் அறிந்தவரிடமே முடிவை விட்டுவிடும் இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் இன்றும் குறையவில்லை. கேவிஎம், சென், ஹைப்பர்-வி ஆகிய மற்ற ஹைப்பர்வைசர்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் பலூன் உண்டு. அதே கட்டுரையில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு யோசனை இருக்கிறது. சும்மா வைத்திருக்கும் பக்கத்துக்கு, பயன்படுத்தும் பக்கத்தைவிட அதிகமாக வசூலிக்கும் ஒரு வரி. விகிதம் இயல்பாக 75 சதவீதம். நினைவகத்தைப் பகிர்வது தொழில்நுட்பக் கேள்வி என்பதோடு விலைக் கேள்வியும்கூட என்பதை அந்த வரி அன்றைக்கே சொல்லிவிட்டது.

பலூனுக்கு உள்ளே இருப்பவரின் ஒத்துழைப்பு வேண்டும். கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழியும் அதே ஈஎஸ்எக்ஸில் இருந்தது. பத்து இயந்திரங்களும் ஒரே இயக்குதளத்தை ஓட்டினால் அவற்றின் நினைவகத்தில் ஒரே உள்ளடக்கம் பத்துமுறை கிடக்கும். ஹைப்பர்வைசர் பக்கங்களின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, ஒத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவிக்கிறது. யாராவது அதில் எழுத முயன்றால் அவருக்குத் தனி நகல் எடுத்துக் கொடுக்கிறது. உண்மையான பயன்பாட்டில் இருந்த சர்வர்களில் 7 சதவீதத்திலிருந்து 33 சதவீதம்வரை நினைவகம் மீண்டதாக அந்தக் கட்டுரையின் அளவீடுகள் காட்டின. 2009-இல் லினக்ஸ் இயக்குதளத்தின் கருவான கெர்னலும் இதை ஏற்றுக்கொண்டது. பிறகுதான் இதன் விலை தெரிந்தது. பகிரப்பட்ட பக்கத்தில் எழுதும்போது தனி நகல் எடுக்கவேண்டியிருப்பதால் அந்த எழுத்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்தாலே, பக்கத்துக் குடித்தனக்காரரிடம் இதே பக்கம் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். 2014-இல் விஎம்வேர் வெவ்வேறு இயந்திரங்களுக்கிடையேயான பகிர்வை இயல்புநிலையில் அணைத்துவைத்தது. 2016-இல் ஆம்ஸ்டர்டாம் விரைய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாதிக்கப்படுபவரிடம் இருக்கும் பக்கத்தின் அச்சு அசலான நகலைத் தாங்களே உருவாக்கி, இரண்டும் இணையும்வரை காத்திருந்து, நினைவகச் சில்லின் மின்கசிவுப் பலவீனத்தைக் கொண்டு அதில் ஒரேயொரு பிட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எழுத்தே நடக்காததால் தனி நகல் எடுக்கும் காவலும் விழித்துக்கொள்ளவில்லை. உரியவரைக் கேட்காமல் திரட்டும் அறிவு, உரியவர் அல்லாதவருக்கும் கசியும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி தேவையில்லை.

மூன்றாவது வழி, உள்ளடக்கத்தைப் பார்க்காமல் பழக்கத்தைப் பார்ப்பது. புராசஸர் ஒரு பக்கத்தைத் தொடும்போதெல்லாம் பக்க அட்டவணையில் ஒரு பிட்டை இடும். அதை அவ்வப்போது அழித்துவிட்டு, மறுபடி இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் எத்தனை நேரமாகத் தொடப்படவில்லை என்று தெரிந்துவிடும். கூகுள் தன் தரவு மையங்களில் 2016 முதல் செய்துவரும் இந்த வேலையை 2019-இல் விவரித்தது. இரண்டு நிமிடம் தொடப்படாத பக்கங்களைக் ‘குளிர்ந்தவை’ என்று வைத்துக்கொண்டால், சராசரியாக நினைவகத்தில் 32 சதவீதம் குளிர்ந்தே கிடந்தது. அவற்றைச் சுருக்கி அதே சர்வரின் நினைவகத்திலேயே ஒரு மூலையில் வைத்தார்கள். தேவைப்பட்டால் விரித்துத் தர ஏறத்தாழ 6 மைக்ரோ நொடி. கம்பியும் இல்லை, புதிய வன்பொருளும் இல்லை. அறிவு மட்டுமே இவ்வளவைத் தந்தது. ஆனால் கூகுள் இதைச் செய்தது தன் சொந்த வேலைகளுக்கு, தன் கெர்னலின் கீழ். வாடகைக்கு விட்ட இயந்திரங்களில் நிலைமை வேறு. அங்கே வேகத்துக்காக நெட்வொர்க் அட்டையை இயந்திரத்தோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அட்டை புராசஸரைக் கேட்காமலே நினைவகத்தில் எழுதும். ஆகவே வாடகை தொடங்கும்போதே அந்த இயந்திரத்தின் முழு நினைவகத்தையும் ஒதுக்கி, அசையாதபடி ஆணியடித்துவிட வேண்டியிருக்கிறது. ஆணியடித்த பக்கத்தைச் சுருக்கவும் முடியாது, நினைத்தபோதெல்லாம் வேறிடத்துக்கு அனுப்பவும் முடியாது.

அப்படியானால் ஒதுக்கும்போதே சரியான இடத்தில் ஒதுக்க வேண்டும். இங்கேதான் சர்வரைத் தாண்டிய பகிர்வு உள்ளே வருகிறது. யோசனை பழையது. 1995-இலேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு பணிநிலையத்தின் பக்கங்களை நெட்வொர்க் வழியாக இன்னொன்றின் காலி நினைவகத்தில் வைத்துக் காட்டினார்கள். அன்றைய வட்டோடு ஒப்பிட்டால் அது வேகம்தான். ஆனால் நினைவகத்தோடு ஒப்பிட்டால்? சர்வருக்குள் இருக்கும் நினைவகம் ஏறத்தாழ 100 நானோ நொடியில் பதில் தரும். நெட்வொர்க் வழி வரும் பக்கத்துக்கு, மிக நல்ல வன்பொருளிலும் சில மைக்ரோ நொடிகள், அதாவது பத்து மடங்குகளில் தாமதம். 2019-இல் இன்டெல் முன்னின்று தொடங்கிய சிஎக்ஸ்எல் இணைப்பு இந்தக் கணக்கை மாற்றியது. அதன் வழியே புராசஸர் வெளியில் இருக்கும் நினைவகத்தைத் தன்னுடையதுபோலவே, 64 பைட் துண்டுகளாக, சாதாரணக் கட்டளைகளால் படிக்கிறது. பக்கமாகக் கொண்டுவரும் சடங்கு இல்லை. 2020-இல் வந்த 2.0 பதிப்பு ஒரே நினைவகப் பெட்டியைப் பல சர்வர்கள் ஒரு பொதுக் குளம்போல் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தது. ஒரு துண்டு ஒரு நேரத்தில் ஒரு சர்வருக்கே சொந்தம். அது விட்டுவிட்டால் அடுத்தவருக்கு. இங்கும் தூரம் சும்மா விடாது. செம்புக் கம்பியில் மின்குறி ஒரு நானோ நொடியில் 20 சென்டிமீட்டர் அளவே போகும். ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் போகவர மட்டும் 50 நானோ நொடி. நடுவே சுவிட்சுகள் வைத்தால் அவை தம் பங்குக்கு நேரம் எடுக்கும். எட்டு முதல் பதினாறு புராசஸர்கள் சுவிட்ச் இல்லாமல் நேரடியாகப் பகிரும் சிறு குளமானால் 70 முதல் 90 நானோ நொடிதான் கூடும். தரவு மையம் முழுவதற்கும் ஒரே பெருங்குளம் என்ற கனவு அழகானது, பௌதிகத்துக்கு அது ஒத்துவராது. நல்லவேளையாக, புள்ளியியலும் சிறு குளத்தின் பக்கம்தான் நிற்கிறது. பதினாறு பேரின் உச்சத் தேவைகள் ஒரே நேரத்தில் வருவது அரிது. குளத்தைப் பதினாறிலிருந்து அறுபத்துநான்காக்கினால் சேமிப்பு கொஞ்சம்தான் கூடுகிறது.

தொடக்கத்தில் சொன்ன அஸூர் ஆய்வாளர்கள் ‘பாண்ட்’ என்று பெயரிட்டது இப்படியொரு குளத்துக்குத்தான். தாமதம் சிறிது என்றாலும் எல்லா வேலைக்கும் அது சிறிது அல்ல. நினைவகம் முழுவதையும் உள்ளூர் நினைவகத்தின் தாமதத்தில் 182 சதவீத அளவுக்கு வைத்து 158 வகை வேலைகளை ஓட்டிப் பார்த்தபோது, 26 சதவீத வேலைகள் ஒரு சதவீதம்கூட வேகம் குறையவில்லை. 21 சதவீத வேலைகளோ நாலில் ஒரு பங்குக்கும் மேல் மந்தமாயின. ஆக, எந்த இயந்திரத்துக்குக் குளத்து நினைவகம் தரலாம் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். வாடிக்கையாளரைக் கேட்க முடியாது, உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. ஆனால் பதிவுகளில் ஒரு வியப்பு காத்திருந்தது: மெய்நிகர் இயந்திரங்களில் பாதி, தமக்கு ஒதுக்கிய நினைவகத்தில் பாதியைக்கூட ஆயுள் முழுவதும் தொடவே இல்லை. தொடாத பக்கம் எவ்வளவு தூரத்தில் இருந்தால் யாருக்கு என்ன? ஒரே வாடிக்கையாளரின் முந்தைய இயந்திரங்கள் எவ்வளவு தொட்டன என்ற வரலாற்றைக் கொண்டு, புதிய இயந்திரம் எவ்வளவைத் தொடாது என்று ஊகிக்கிறார்கள். அந்த அளவைக் குளத்திலிருந்து கொடுத்து, கோரே இல்லாத தனியொரு நினைவகப் பகுதியாக இயந்திரத்துக்குக் காட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் இயக்குதளம் எப்போதும் தன் கோருக்கு அருகில் உள்ள நினைவகத்தை முதலில் நிரப்பும். அது தீர்ந்தால்தான் தூரத்தைத் தேடும். அதன் இந்த இயல்பான பழக்கமே மீதி வேலையைச் செய்துவிடுகிறது. ஊகம் தவறினால் இயந்திரம் மந்தமாவதை வன்பொருள் கணக்குகள் காட்டிக்கொடுக்கும். அப்போது முழுவதையும் உள்ளூர் நினைவகத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். மொத்தத்தில் நினைவகச் செலவில் 7 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணிப்பு. சர்வரின் விலையில் நினைவகம் பாதி என்றால் அது மூன்றரை சதவீதம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு நிறுவனம் வாங்கும் சர்வர்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கும்வரை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று அதே 2023-இல் கூகுள் தரப்பிலிருந்து வந்தது. பிலிப் லெவிஸும் வேறு இருவரும் எழுதிய அந்தக் கட்டுரையின் தலைப்பே சிஎக்ஸ்எல் குளங்களுக்கு எதிரான வழக்கு என்பதுதான். கூடுதல் பெட்டிக்கும் கம்பிக்கும் ஆகும் செலவு சேமிப்பைத் தின்றுவிடும். மெதுவான நினைவகத்தைக் கையாள மென்பொருள் சிக்கலாகும். இவற்றுக்கெல்லாம் மேல், தேவையே இல்லை என்கிறார்கள். இன்றைய சர்வர்கள் பெரியவை, பெரும்பாலான மெய்நிகர் இயந்திரங்கள் அவற்றோடு ஒப்பிட்டால் பொடியானவை. சிறு சாமான்களைப் பெரிய பெட்டியில் அடுக்கும்போது இடைவெளி அதிகம் மிஞ்சாது. நன்றாக அடுக்கத் தெரிந்தால் தேக்கமே வராது. மூன்றாவது வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. சிறு இயந்திரங்களே நிறைந்த கிளவுடில் குளம் வெட்டுவது வீண்செலவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அடுக்கும் திறமை இரண்டு சரக்கின் விகிதத்தை மாற்றாது. வாடகைக்கு வருபவர்கள் கேட்கும் நினைவகம் கோருக்கு இவ்வளவு என்று சராசரியாக ஒரு விகிதத்தில் வரும். சர்வரோ வாங்கும்போதே ஒரு விகிதத்தில் கட்டப்பட்டுவிட்டது. பெரிய கேட்பைச் சமாளிக்க நினைவகத்தைத் தாராளமாகப் போட்டால், சாதாரண நாளில் எவ்வளவு பொடியாக அடுக்கினாலும் கோர் முதலில் தீரும். அஸூரில் அளந்து கண்ட தேக்கம், அடுக்கத் தெரியாதவர்களின் தேக்கம் அல்ல. முதல் வாதம், அதாவது செலவு, சுவிட்சுகள் நிறைந்த பெருங்குளத்துக்கு எதிராகவே முழு வலிமையோடு நிற்கிறது. சிறு குளத்தில் அது வலுவிழந்துவிடுகிறது. எஞ்சும் இரண்டாவது வாதம், உண்மையில், நான் சொல்லிவரும் கேள்வியேதான்: மென்பொருள் எதை அறிந்திருக்கிறது என்பது. அது தெரியாதவர்களின் விஷயத்தில் கூகுளின் வழக்கு வெல்லும்.

குளம் உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் நியாயமானது. ஒரு சர்வர் செத்தால் அதில் குடியிருந்தவர்கள் மட்டும் போவார்கள். குளத்துப் பெட்டி செத்தால் அதிலிருந்து நினைவகம் வாங்கிய எல்லாச் சர்வர்களிலும் சில இயந்திரங்கள் விழும். இதற்கு மாயத் தீர்வு ஏதும் கிடையாது. குளத்தைச் சிறிதாக வைப்பதும், ஓர் இயந்திரத்தின் வெளி நினைவகம் முழுவதையும் ஒரே பெட்டியிலிருந்து கொடுத்து, ஒரு பழுது பல இயந்திரங்களில் பரவாமல் பார்ப்பதும்தான் செய்யக்கூடியவை. கசிவு அச்சம் இங்கே அவ்வளவு பெரிதல்ல: உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை, துண்டுகள் கைமாறும்போது துடைக்கப்படுகின்றன, இணைப்பில் ஓடும் தரவை மறையாக்கும் வசதி 2.0 பதிப்பிலேயே வந்துவிட்டது.

இவ்வளவு சுற்றுவதற்கு, தொடாத பாதியை இரண்டாம் ஆளுக்கு விற்றுவிடலாமே என்று கேட்கலாம். விமான நிறுவனங்கள் இருக்கைகளைக் கூடுதலாக விற்பதில்லையா? கோர்களில் இது அன்றாடம் நடக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் கேட்டால் இருவரும் சற்று மந்தமாவார்கள், அவ்வளவுதான். நினைவகத்தில் இருவரும் கேட்டால் ஒருவருடைய தரவுக்கு இடமே இல்லை. டென்னிங் எச்சரித்த முடக்கம் அங்கே திரும்பி வரும், அல்லது ஒரு நிரலைக் கொல்ல வேண்டியிருக்கும். குளம் அப்படிப்பட்ட ஆபத்தை எடுப்பதில்லை. விற்ற ஒவ்வொரு பைட்டும் எங்கோ உண்மையாகவே இருக்கிறது. ஊகம் தவறினால் வேகம்தான் குறையும். என் கணிப்பில் இந்த அணுகுமுறையின் மிகப் பெரிய பலம் இதுதான்.

ஆனால் தொடாத அந்தப் பாதி ஏன் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அமேசானின் பட்டியலைப் பார்த்தால் கணக்கீட்டுக்கான வகையில் ஒரு மெய்நிகர் கோருக்கு 2 ஜிபி, பொது வகையில் 4, நினைவக வகையில் 8 என்று விகிதங்கள் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. ஐந்து ஜிபி வேண்டியவர் எட்டை வாங்குகிறார், அல்லது தேவையில்லாத கோரைச் சேர்த்து வாங்குகிறார். நிரலை மட்டும் கொடுத்து ஓட்டச் சொல்லும் அதே நிறுவனத்தின் வழக்கமான லாம்டா சேவையில் வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பது நினைவக அளவை, கோர்களை அல்ல. புராசஸர் அதன் விகிதத்தில் கூடவே வரும், 1,769 எம்பிக்கு ஒரு முழு மெய்நிகர் கோர் என்ற கணக்கில். நிரல் மெதுவாக ஓடுகிறதே என்று நினைப்பவர் வேகத்துக்காக நினைவகத்தை உயர்த்திக்கொண்டே போகிறார். நிரல் அதைத் தொடப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு காசும் குறையாது. வால்ட்ஸ்பர்கரின் சும்மாயிருப்பு வரி ஒரு நிறுவனத்தின் சொந்தச் சர்வருக்குள் வைத்து யோசிக்கப்பட்டது. பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்தவரிடம் வரி கேட்க முடியாது, தள்ளுபடி தரலாம். இவ்வளவைத் தொடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்பவருக்கு விலையைக் குறைத்து, சொன்னதை மீறினால் மெதுவான நினைவகம் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். குளம் இருக்கும் இடத்தில் இப்படியொரு வாக்குறுதியை நிறைவேற்றுவதற்கான வன்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. விலைப்பட்டியலில் ஒரு வரிதான் பாக்கி.